ஒரே அலைவரிசை, மூன்று சமயம்

சிங்கப்பூரில் பாங்கு ஒலி மனோராவிலிருந்து பெரும்பாலும் தெருவில் இறங்குவதில்லை, வானொலியில் வருகிறது. 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் தீவெங்கும் நெருக்கமாக எழத் தொடங்கியபோது, இரைச்சலைக் குறைக்கும் முயற்சிகளின் ஒரு பகுதியாக, வெளியே பார்த்திருந்த பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் உள்ளே பார்த்துத் திருப்பப்பட்டன. ஐந்து வேளையும் பாங்கை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை மலாய் வானொலியிடம் வந்தது. இந்த மாற்றத்தை ஆராய்ந்து 1999இல் கட்டுரை எழுதிய இசை ஆய்வாளர் டோங் சூன் லீ, கம்பங்கள் எனப்பட்ட சிற்றூர்கள் கலைந்து வெவ்வேறு பேட்டைகளுக்குச் சிதறிப்போன முஸ்லிம்களை வானொலி மறுபடியும் ஒரே அழைப்பைக் கேட்கும் சமூகமாக்கியது என்று வாதிடுகிறார். முன்பு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவனுக்குக் கேட்டது, இப்போது அலைவரிசையைத் திருப்புகிறவனுக்குக் கேட்கிறது.

இந்துக்களுக்கும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. தைப்பூச ஊர்வலத்தில் குழுக்களுக்கிடையே சண்டை மூண்டதைக் காரணம் காட்டி, 1973இல் வழிநெடுக இசைப்பதற்குத் தடை வந்தது. பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி தூக்கிப் போனவர்கள் நாற்பது ஆண்டுக்கு மேல் மேளமில்லாமல்தான் நடந்தார்கள். 2016இல் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 2019இல் தோல்கருவிகளுக்கும் வழிவிட்டார்கள். இன்னும் அது அளந்து கொடுக்கப்பட்ட சத்தம்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிங்கப்பூரின் ஒரு குணம் பிடிபடும். இந்த ஊரில் நிலத்தைப் போலவே சத்தமும் பங்கிட்டுத் தரப்படுகிறது. நான்கு இனத்தார் ஒரே மாடியில், ஒரே நடைபாதையில், சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிற ஊரில் ஒருவரது பக்தி இன்னொருவரது தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். பாதி எழுதப்பட்ட சட்டமும்கூட. 1990இல் நாடாளுமன்றம் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தெரு அமைதியானதும் வானொலியின் மதிப்பு ஏறியது. தெருவில் வரும் ஒலியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வானொலியைத் திருப்புகிறவன் தேர்ந்தெடுக்கிறான். ஆகவே பொதுவெளியில் இடம் குறைந்த குரல்களெல்லாம் காற்றலையில் இடம் தேடின.

மலாய் வானொலிக்கு இது எளிது. சிங்கப்பூர் மலாய்க்காரர்களில் ஏறத்தாழ எல்லாரும் முஸ்லிம்கள். மொழி அலைவரிசையும் சமய அலைவரிசையும் ஒன்றாகிவிட்டால் யாருக்கும் குறையில்லை. தமிழ் வானொலிக்கு அந்த வசதி கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்குச் சற்று மேல் இந்துக்கள். நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக முஸ்லிம்கள். பத்தில் ஒருவருக்கு மேல் கிறிஸ்தவர்கள். தமிழ் பேசுவோரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மூன்று சமயமும் கலந்தே நிற்கும். இவர்கள் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை: ஒலி 96.8. அதில் எந்தச் சமயத்தின் வழிபாடும் மற்றவற்றை ஓரங்கட்டி அமர முடியாது. அப்படியானால் அந்த இடத்தில் எது வந்து உட்கார்ந்தது? இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாடகம். அதோடு வரலாறும் பாட்டும். சிங்கப்பூர்த் தமிழ் வானொலியின் பேச்சு நிகழ்ச்சிகள் ஓர் ஓய்வுநாள் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் பேச வேண்டியதில்லை. சமயத்தால் பிரிந்த ஒரு சிறுபான்மை தன்னை ஒரே கூட்டமாகக் கேட்டுப் பழகியது அவற்றில்தான்.

மற்ற ஊர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன? பிபிசி 1928 சனவரியில் தொடங்கிய நாள்வழிபாட்டு ஒலிபரப்பு இன்றும் தொடர்கிறது. அதன் நான்காம் வானொலியில் ஞாயிறு என்றால் அதிகாலையில் தேவாலய மணியோசை, காலையில் ஒரு திருச்சபையிலிருந்து நேரடி ஆராதனை, பிறகு பேட்டி, வரலாறு, நாடகம் என்று பகல் விரியும். அரசமரபே ஒரு திருச்சபையோடு கட்டுண்ட நாட்டில் அது இயல்பு. இலங்கை வேறு வழியில் போனது. அங்கே தமிழ் பேசும் முஸ்லிம்கள் தனி இனமாகக் கருதப்பட்டதால், இலங்கை வானொலியில் தமிழிலேயே முஸ்லிம் சேவை என்று தனியாக ஒன்று உண்டானது. தமிழ்ச் சேவையோ நல்லூர்க் கந்தன் தேர்த்திருவிழாவை நேர்முக வர்ணனையாக வீட்டுக்குக் கொண்டுவந்தது. வடம் எங்கே நிற்கிறது, தேர் எந்த வீதியில் திரும்புகிறது என்று அறிவிப்பாளர் சொல்லக் கேட்டே வளர்ந்த தலைமுறை அது. தமிழ்நாட்டில் அகில இந்திய வானொலி காலை பக்திப் பாடல் நேரத்தில் மூன்று சமயப் பாடல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சமாளித்தது. நாகூர் ஹனிபாவின் குரலை இந்து வீடுகளும் மனப்பாடமாக வைத்திருப்பதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் இந்த மூன்றில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமையே ஒரு விசித்திரமான நாள். வெள்ளைக்காரன் நாள்காட்டி கொடுத்த விடுமுறை அது. தமிழ் இந்துவுக்குக் கோயில் நாள் செவ்வாயும் வெள்ளியும். முஸ்லிமுக்கு வெள்ளி ஜும்ஆ தொழுகை. ஞாயிறு கிறிஸ்தவனுக்கு மட்டுமே புனித நாள். மற்ற இருவருக்கும் அது குடும்ப நாள், கறிச்சோற்று நாள், லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகும் நாள். தமிழ்ச் சமூகத்தின் பொதுக் காரியங்கள் ஞாயிற்றில் வந்து குவிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். நூலக அரங்குகளில் இலக்கியக் கூட்டமும் ஞாயிறு. சங்கங்களின் ஆண்டுவிழாவும் பெரும்பாலும் வார இறுதிதான். யாருக்கும் தனிப்பட்ட முறையில் சொந்தமில்லாத நாளாக இருந்ததால் அது மொழிக்குச் சொந்தமானது.

லிட்டில் இந்தியாவைச் சுற்றி நடந்தால் இந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். அதே சாலையில் மேலே போனால் அங்குலியா பள்ளிவாசல், அதற்கும் மேலே சீனிவாசப் பெருமாள் கோயில். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசல். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை. கொஞ்சம் எட்டி ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த லூர்து மாதா ஆலயம். எல்லாம் நடந்து போகும் தூரத்தில். முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் வெள்ளிக்கிழமை குத்பா உரையைத் தமிழிலும் தயாரித்துத் தருகிறது. கோயிலில் தேவாரம், ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி, பள்ளிவாசலில் தமிழ்க் குத்பா. மூன்று இடத்திலும் ஒரே மொழி, ஆனால் ஒவ்வொரு சுவருக்குள்ளும் தனித்தனியாக. ஒரு சுவருக்குள் பேசப்படும் நல்ல தமிழ் அடுத்த சுவருக்குள் இருப்பவருக்குக் கேட்பதே இல்லை. கேட்க வைக்கக்கூடிய ஒரே கருவியாக வெகுகாலம் வானொலிதான் இருந்தது.

அந்த வானொலி வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937 மார்ச் 1ஆம் தேதி கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. ஐந்தே ஆண்டில் ஜப்பானியர் வந்தார்கள். கேத்தே கட்டடத்திலிருந்து அவர்களது வானொலி நிலையம் இயங்கியது. வெளிநாட்டுச் சிற்றலை கேட்கக்கூடாது என்று வானொலிப் பெட்டிகளுக்கு முத்திரை வைத்தார்கள். அதே கேத்தேயில்தான் 1943 அக்டோபர் 21ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போன தமிழ் இளைஞர்களும், ஜான்சிராணிப் படைக்குப் போன தமிழ்ப் பெண்களும் குரலை நம்பிப் போனவர்கள். அவர்களில் பலர் நாளிதழ் படிக்கும் நிலையில் இருந்தவர்களல்லர். பேச்சுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை இந்த ஊர்த் தமிழர்கள் பாடலுக்கு முன்பே போரில் தெரிந்துகொண்டார்கள்.

போர் முடிந்து 1946இல் மலாயா வானொலி அமைந்தபோது ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு பகுதிகளாக இயங்கியது. இந்த நான்கு என்ற எண் பிற்பாடு சிங்கப்பூரின் அதிகாரமொழிக் கொள்கையாகவே வந்து நின்றது. பள்ளிக்கூடமும் நாடாளுமன்றமும் நான்கு மொழிக்குப் பழகுவதற்கு முன்பே வானொலி பழகியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1959 சனவரி 4ஆம் தேதி மலாயா வானொலியிலிருந்து பிரிந்து ரேடியோ சிங்கப்பூரா பிறந்தது. சில மாதங்களில் தன்னாட்சி வந்தது. வானொலி கலாசார அமைச்சின் கீழ் சேர்ந்தது. அமைச்சர் எஸ். ராஜரத்தினம்.

இங்கே ஒரு சுவையான செய்தி. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினம், அமைச்சராவதற்கு இரண்டாண்டு முன்பு, 1957இல், மலாயா வானொலிக்காக ஆங்கிலத்தில் ஒரு நாடகத் தொடர் எழுதினார். அதன் பெயர் ‘உருவாகும் தேசம்’ என்று பொருள்படும். பல இனத்தார் கூடி ஒரு நாடாக முடியுமா என்பதை வெவ்வேறு குரல்கள் வாதிட்டுப் பார்க்கும் தொடர் அது. சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவர்தான். அரசியல் மேடையில் வருமுன் பல்லினக் கொள்கை இந்த ஊரில் வானொலி நாடகமாக ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைக் கருத்து இப்படிப் பேச்சு நிகழ்ச்சியில் முதல் வடிவம் எடுத்தது வேறெங்கும் நடந்திருக்கிறதா, தேடிப் பார்க்க வேண்டிய விஷயம்.

தமிழ்ப் பகுதியின் கதை அவ்வளவு உரக்கச் சொல்லப்படவில்லை. சிக்கல் என்ற ஊரில் பிறந்து 1930இல் மலாயா வந்த கவிஞர் ந. பழநிவேலு 1950களிலும் 60களிலும் வானொலியில் பணியாற்றி, கவிதையையும் நாடகத்தையும் ஒலிவாங்கி முன் கொண்டுவந்தார். அவரைத் தொடர்ந்து வந்தவர்களில் முதன்மையானவர் பி. கிருஷ்ணன். புதுமைப்பித்தன்மேல் கொண்ட பற்றால் புதுமைதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர். ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தையும் ஆர்வெல்லின் விலங்குப் பண்ணையையும் தமிழாக்கியவர். முந்நூறுக்கும் மேற்பட்ட வானொலி நாடகங்கள் எழுதிய அவருக்கு 2008இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. அவருடைய படைப்புகளில் ஊர் மறக்காதது ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’. 1969, 1970 ஆண்டுகளில் வானொலியில் தொடராக வந்த நகைச்சுவை நாடகம்.

காலத்தைக் கவனியுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது 1960 பிப்ரவரியில். 1970 வாக்கில் மக்களில் மூன்றில் ஒருவர் அடுக்குவீட்டுக்குக் குடிபோயிருந்தார். கம்பத்து வீட்டில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பழகியவன் பத்தாம் மாடியில் பொது நடைபாதையைப் பார்த்துக் கதவைத் திறக்கிறான். பக்கத்து வீட்டில் சீனர், எதிரில் மலாய்க்காரர், மேலே யாரென்று தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் தெரியும். அடுக்குவீடு என்பதே காதால் அறியப்படும் இடம். மின்தூக்கி வந்து நிற்கும் ஓசை, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மிக்கல், நடைபாதையில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது, கீழ்த்தளத்திலிருந்து வியாபாரியின் கூவல், குழாயில் தண்ணீர் இறங்கும் சலசலப்பு. மேடை நாடகத்தில் இதைக் காட்டத் திரைச்சீலையும் சாமான்களும் வேண்டும். வானொலிக்கு ஒரு கதவும் ஒரு பிடி மணலும் இரண்டு நல்ல குரல்களும் போதும். புதிய வீட்டு வாழ்க்கையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கலைவடிவம் அன்று இருந்திருக்க முடியாது.

அண்ணாசாமியைக் கேட்டவர்களில் கோயிலுக்குப் போகிறவரும் இருந்தார், பள்ளிவாசலுக்குப் போகிறவரும் இருந்தார், மாதா கோயிலுக்குப் போகிறவரும் இருந்தார். அவர்கள் மூவருக்கும் அடுக்குவீடு பொது, வாடகை பொது, பக்கத்து வீட்டுக்காரரும் பொது. ஒரு பேட்டை முழுக்க ஒரே இனத்தார் சேர்ந்துவிடக்கூடாது என்று 1989 மார்ச்சில் அரசு இன ஒருங்கிணைப்புக் கொள்கை கொண்டுவந்தபின் தமிழர்கள் தீவெங்கும் இன்னும் சிதறினார்கள். தமிழ்ப் பேட்டை என்று ஒன்று சட்டப்படியே உருவாக முடியாத ஊரில், ஒரே வேளையில் ஒரே நகைச்சுவைக்குச் சிரிப்பதுதான் அண்டை அயல். பாங்கைக் கேட்டு மலாய் முஸ்லிம் தன் கூட்டத்தை உணர்ந்ததுபோல, தமிழர் அண்ணாசாமியைக் கேட்டு உணர்ந்தார்கள் என்று சொல்வேன். புனிதத்தில் இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. செய்த வேலை ஒன்று.

இதற்கு இன்னொரு சான்று க.து.மு. இக்பால். கடையநல்லூரில் பிறந்து, சிறுவனாக 1951இல் சிங்கப்பூர் வந்த கவிஞர். 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 1970களிலும் 80களிலும் சிங்கப்பூர் வானொலிக்காக அவர் எழுதிய குழந்தைப் பாடல்கள் இருநூறுக்கும் மேல். ஒரு முஸ்லிம் கவிஞர் எழுத, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பாட, வீடுகளில் பெற்றோர் கேட்டார்கள். இதை யாரும் அன்று நல்லிணக்கச் சாதனை என்று பெயர் சூட்டிக் கொண்டாடியதாகத் தெரியவில்லை. பாட்டு நன்றாயிருந்தது, பாடினார்கள். விழா எடுத்துச் சொல்லவேண்டிய நிலைக்கு வராத நல்லிணக்கமே உறுதியானது என்பது என் எண்ணம். இக்பாலும் எழுத்தாளர் ஜே.எம். சாலியும் இல்லாத சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அவர்களில் ஒருவரைத் தீவின் எல்லாப் பிள்ளைகளிடமும் கொண்டுபோனது வானொலி.

இத்தனையும் அரசின் கொடையால் நடந்தது என்பதை மறைக்கக்கூடாது. அதன் மதிப்பை அறிய ஹொக்கியன், கண்டனீஸ் எனும் சீன வட்டாரமொழிகளைப் பார்க்க வேண்டும். 1949இல் வந்த ரெடிஃபியூஷன் கம்பிவழி வானொலியில் லீ டாய் சோர் கண்டனீஸில் கதை சொன்னார். ஓங் தோ ஹொக்கியனில் சொன்னார். கோப்பிக் கடைகளில் வேலையை நிறுத்திவிட்டு அவர்களைக் கேட்டார்கள். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் வட்டாரமொழிக் கதைநேரம் காற்றிலிருந்து இறங்கியது. தமிழைவிடப் பன்மடங்கு பேசுநர் இருந்த மொழிகள் அவை. அதிகாரமொழி என்ற நிலை இல்லாததால் வானொலியில் வாழ முடியவில்லை. தமிழுக்கு அந்த நிலை இருந்தது. பெரும்பான்மையின் வீட்டுமொழிகள் மௌனமாக, சிறுபான்மையின் மொழி தொடர்ந்து ஒலித்த இந்த முரணை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. நாம் தப்பித்தது எண்ணிக்கையால் அல்ல, கொள்கையால். கொள்கை தந்த இடத்தை நிரப்பவேண்டியது நாம்.

நிரப்புகிறோமா? ஒலி 96.8 இன்று செய்தி சொல்கிறது, நேர்காணல் வைக்கிறது, நேயர்களைப் பேச அழைக்கிறது. சென்னையிலுள்ள தனியார் பண்பலை நிலையங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய வாய்ப்பு. அங்கே தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி தயாரிக்கவே அனுமதி கிடையாது, அதனால் பேச்சு என்றால் சினிமாவும் கலாட்டாவும் என்றாகிவிட்டது. ஆனால் இங்கேயும் திரைப்பாடலின் எடை ஏறிக்கொண்டுதான் போகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியாகப் பேச்சு சுருங்கினால், அறிவிப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் ஒரு வரலாற்றை அங்கே சொல்ல முடியாது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எப்படி எழுந்தது, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் அத்தாப்புக் குடிசையாக எப்படி நின்றது, லூர்து மாதா ஆலயத்துக்குத் தமிழர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று மூன்றையும் ஒரே மணி நேரத்தில், ஒரே குரலில் சொல்வதற்கு ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடத் தொடர்ச்சியாவது வேண்டும். மூன்று சமயத்தாரும் ஒருவர் கதையை ஒருவர் கேட்கக்கூடிய அந்த மணி நேரம் வேறெந்த மேடையிலும் கிடைக்காது.

மொழியின் நிலையும் இதை அவசரமாக்குகிறது. 2010இல் இந்தியக் குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 36.7 விழுக்காடு. 2020இல் 27.3 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் பாதியைத் தாண்டியது. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ் கட்டாயம். 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பில் பேச்சுத்தமிழுக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பறை முடிந்து வெளியே வரும் பிள்ளைக்கு, பெரியவர்கள் நீண்ட நேரம் கருத்தாகத் தமிழில் பேசிக் கேட்கும் வாய்ப்பு எங்கே இருக்கிறது? சினிமா வசனம் அதைத் தராது. செய்தியறிக்கையும் தராது, அது வாசிக்கப்படும் மொழி. ஒருவர் யோசித்து, தயங்கி, மறுத்து, சிரித்துப் பேசும் தமிழ் ஒரு நல்ல வானொலிப் பேச்சில்தான் இருக்கிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு, அதைச் சொல்லாமல் தேக்கா ஞாயிறு முழுமையாகாது. துவாஸ், கிராஞ்சி பக்கத்து விடுதிகளிலிருந்து வாரத்தின் ஒரே ஓய்வுநாளில் லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஊழியர்கள். பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்குகிறவர், ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறவர், திடலில் வட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிப்பவர். பாதிப்பேர் காதில் கைப்பேசிக் காதொலிப்பான். ஊரிலிருக்கும் மனைவியோடு பேச்சு, இல்லையென்றால் பாட்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி, அதுவும் ஒரு ஞாயிறு, ரேஸ் கோர்ஸ் சாலையருகே கலவரம் மூண்டது. அதன்பின் இவர்களைப்பற்றி எல்லா மொழியிலும் எல்லாரும் பேசினார்கள். மதுக்கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. வெளிநாட்டு ஊழியர்கள் எழுதும் கவிதைகளுக்கு 2014இல் ஒரு போட்டி தொடங்கியது. அதில் தமிழும் இடம்பெற்றது. எழுதத் தெரிந்தவர்களுக்குப் பேசவும் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் தேரைப் பற்றியோ, ராமநாதபுரத்துப் பள்ளிவாசல் கந்தூரியைப் பற்றியோ, கட்டுமானத் தளத்தில் கற்ற வேலையைப் பற்றியோ அவர்கள் தங்கள் குரலில் பேச ஒரு நிலையான நேரம் இருந்தால், குடியுரிமை பெற்ற தமிழருக்கும் அவர்களுக்கும் இடையே இருக்கும் சுவரில் ஒரு சன்னலாவது திறக்கும்.

சமயப் பேச்சு இப்போது வேறு பாதைக்குப் போய்விட்டது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி முதல் ஜூன் 1 வரை கொவிட் நோய்ப்பரவலை முறியடிக்கும் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லா வழிபாட்டிடங்களும் கூட்டு வழிபாட்டை நிறுத்தின. கோயில் பூசையும் தமிழ்த் திருப்பலியும் பள்ளிவாசல் உரையும் இணையத்தில் நேரலையாக வந்தன. பிறகும் நிற்கவில்லை. முதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நேரலை என்பது தன்னவர்க்கு மட்டும் போகும் குரல். பெருமாள் கோயிலின் நேரலையை அங்குலியா பள்ளிவாசலுக்குப் போகிறவர் தற்செயலாகக் கேட்க வழியில்லை. வானொலியில் அந்தத் தற்செயல் இருந்தது: செய்திக்குக் காத்திருந்தவர் அதற்கு முன் வந்த பேச்சையும் கேட்டார். ஒவ்வொரு சமயமும் தனக்கென்று அலைவரிசை வைத்துக்கொண்டபின், பொது அலைவரிசை சமயத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவை குறைந்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். கூடிவிட்டது என்பேன். பிரசாரமில்லாமல், பூசையில்லாமல், இன்னொருவர் நம்பிக்கையை அறிவாகச் சொல்லித்தரும் இடம் ஒன்று இப்போதுதான் வேண்டும்.

சிற்றலையில் 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதி, ஒரு ஞாயிறன்று, வானொலியை விட்டு இணையத்துக்குப் போனது. உலகத் தமிழ்ப் பேச்சு வானொலிகளில் பெரிய ஒன்று அப்படி நின்றபோது பலர் வருந்தினார்கள். அதிகாரமொழி என்ற பாதுகாப்போடு, நாள்முழுதும் ஒலிக்கும் அலைவரிசையை வைத்திருக்கும் நமக்கு வருந்திக்கொண்டிருக்க நேரமில்லை. நடந்ததையாவது முதலில் காப்பாற்ற வேண்டும். அந்தக் காலத்து வானொலி நிலையங்களில் ஒலிநாடா விலை கூடுதல். பதிவை அழித்து அதே நாடாவில் இன்னொன்றைப் பதிவது உலகெங்கும் வழக்கம், பிபிசியும் அதற்கு விலக்கில்லை. அண்ணாசாமியை இன்று நாம் படிக்க முடிகிறது என்றால் ஆசிரியர் பின்னாளில் நூலாகக் கொண்டுவந்ததால். நூலாகாத நாடகங்களுக்கும் பேச்சுகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2015இல் தேசிய நூலகத்தோடு சேர்ந்து சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கிய தமிழ்ச் சமூகம், அடுத்தடுத்து நாடகம், நடனம், இசை என்று தொகுத்தது. அந்த வரிசையில் வானொலிக்கென்று தனித்தொகுப்பு இல்லை. அடுத்தது அதுவாக இருக்க வேண்டும்.

அதற்கு நிலையத்தின் காப்பறை மட்டும் போதாது. வானொலியில் நடித்தவர்கள், எழுதியவர்கள், வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அலமாரியில் தட்டச்சு செய்த நாடகப் பிரதி, பெட்டிக்கடியில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிய ஒலிநாடா, நேயர் கடிதத்துக்கு வந்த பதில் எதுவானாலும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ தேசிய நூலகத்துக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது உறையின்மேல் நாள், நிகழ்ச்சியின் பெயர், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதித் தாருங்கள்.